கருந்துளை ஆய்வுக்குப் பெங்களூரா, புனேயா, ஜெர்மனியா?

கிருஷ்ணகிரியில் அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வானியற்பியலில் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் அவருக்கு நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. துறைப் பேராசிரியர் ஜெர்மனிக்கும் விண்ணப்பிக்கச் சொல்கிறார். கருந்துளைகளை ஆராய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வீட்டிலோ, ஓசூரைத் தாண்டினால் வந்துவிடுகிற பெங்களூர் என்றால் மட்டும் சம்மதம் என்கிறார்கள். இவற்றில் எது பெயர் பெற்ற இடம், எந்தத் தரவரிசையைப் பார்த்து முடிவெடுப்பது என்று கேட்கிறார்.

தருமபுரி மாவட்டத்தில் பள்ளிப் படிப்பையும் அரசுக் கல்லூரிப் படிப்பையும் முடித்து, பிறகு வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்கிறேன். தரவரிசையை ஓரமாக வைத்துவிடுங்கள். பல்கலைக்கழகத் தரவரிசைகள் ஒரு நிறுவனத்தின் எல்லாத் துறைகளையும் சேர்த்து எடைபோடுபவை. உங்கள் ஆய்வு நடக்கப்போவதோ நான்கைந்து பேர் கொண்ட ஒரு சிறு குழுவுக்குள். அந்தக் குழுவை நடத்துபவர் யார், அவரிடம் நீங்கள் ஆராய வேண்டிய தரவு கையில் இருக்கிறதா, இல்லை இனிமேல்தான் வரவேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், ஊரைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

முதலில் உங்கள் விருப்பத்தைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருந்துளை ஆய்வு என்ற ஒரே பெயரில் ஒன்றோடொன்று அதிகம் தொடர்பில்லாத நான்கு வேலைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றும் உங்களை ஒவ்வொரு ஊருக்குக் கொண்டுபோகும்.

முதலாவது எக்ஸ் கதிர் வானியல். அருகிலிருக்கும் விண்மீனிலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும் கருந்துளையைச் சுற்றி ஒரு வட்டு உருவாகி, அதன் உட்பகுதி கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறி எக்ஸ் கதிர்களை வீசுகிறது. அந்தக் கதிர்கள் மில்லி நொடிகளில் எப்படித் துடிக்கின்றன, அவற்றின் நிறமாலை எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கருந்துளையின் சுழற்சியைக் கணிப்பதுதான் இந்தப் பிரிவின் அன்றாட வேலை. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் தரவுகள் ஏராளமாகச் சேமிப்பில் உள்ளன. மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும், அயூக்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் புனேயின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல், வானியற்பியல் மையத்திலும் இதற்கான கருவிகளை உருவாக்கியவர்களும் அவற்றை நன்கறிந்தவர்களும் உருவாகியிருக்கிறார்கள். 2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் போலிக்ஸ் என்ற முதன்மைக் கருவியைச் செய்தது பெங்களூரின் இராமன் ஆய்வு நிறுவனம்.

இரண்டாவது ரேடியோ வானியல். கருந்துளையின் அருகிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீறிடும் தாரைகளை ஆராய்வது இது. 2019 ஏப்ரலில் எம் 87 விண்மீன் திரளின் மையக் கருந்துளையின் நிழலைப் படமாகப் பார்த்தோமே, அதுவும் ரேடியோ தொலைநோக்கிகளை உலகளவில் இணைத்துப் பெற்றதுதான். இந்தப் பிரிவில் நம் நாட்டின் தலைவாசல் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். நாராயண்காவ் அருகே கோடத் என்ற ஊரைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ண அலைவாங்கிகளைக் கொண்ட பெரிய ரேடியோ தொலைநோக்கியை அந்த மையம்தான் இயக்குகிறது. நம் ஊட்டியில் மலைச்சரிவிலேயே 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியும் அவர்களுடையதே.

மூன்றாவது ஈர்ப்பலைகள், அதாவது மிகப் பெரிய நிறைகள் வேகமாகச் சுழன்று மோதும்போது காலவெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகள். 2015 செப்டம்பர் 14 அன்று, சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றில் ஒன்று இணைந்த அதிர்வை அமெரிக்காவிலுள்ள லைகோ என்ற ஈர்ப்பலை உணர் கருவிகள் முதன்முறையாகப் பிடித்தன. இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் அத்தகைய சமிக்ஞையை, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அலைவடிவங்களோடு ஒப்பிட்டுத் தேடியெடுக்கும் முறையை வளர்த்தவர்களில் அயூக்காவின் சஞ்சீவ் துரந்தரும் அவருடைய மாணவர்களும் முக்கியமானவர்கள். அந்த மரபு இன்று அயூக்காவில் மட்டுமல்லாமல் பெங்களூரின் ஐ.சி.டி.எஸ். என்ற பன்னாட்டுக் கோட்பாட்டு அறிவியல் மையம், சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகம் ஆகிய இடங்களிலும் தொடர்கிறது. இந்த வேலையில் புள்ளியியலும் கணினி நிரலும்தான் முழுநேரத் துணை. தொலைநோக்கியைத் தொடவே மாட்டீர்கள்.

நான்காவது கோட்பாடும் கணினி உருவகப்படுத்துதலும். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் சமன்பாடுகளோடும் காந்தப்புலத்தோடும் வாயுவின் இயக்கத்தோடும் மல்லுக்கட்டுகிற வேலை. இதற்கு எந்த ஊரில் தொலைநோக்கி இருக்கிறது என்பது பொருட்டே இல்லை; வழிகாட்டியும் மீத்திறன் கணினியும் போதும்.

இந்த நான்கில் எது உங்களை ஆறு மாதம் அலுக்காமல் உட்கார வைக்கும் என்பதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். லைகோ குழு தன் தரவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. மேலே சொன்ன அந்த முதல் சமிக்ஞையை உங்கள் மடிக்கணினியிலேயே பைத்தான் மொழியில் பிரித்தெடுத்துப் பார்ப்பதற்கான பயிற்சிப் பாடங்களும் அதனுடன் உள்ளன. அஸ்ட்ரோசாட் தரவையும் பெயர் பதிந்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். நிறமாலையில் ஒரு வளைகோட்டைப் பொருத்துவது பிடித்திருக்கிறதா, இரைச்சலில் சமிக்ஞையைத் தேடுவது பிடித்திருக்கிறதா என்பது அந்த ஒரு வாரத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். அந்தத் தெளிவோடு நேர்காணலுக்குப் போகும் மாணவரின் பேச்சே வேறாக இருக்கும்.

இனி, இந்த விடையில் நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். வானியற்பியலில் ஆய்வு மாணவர்களின் ஆண்டுகளைத் தின்பவற்றுள் முதன்மையானது, இன்னும் கட்டி முடிக்கப்படாத கருவியை நம்பி ஆய்வுத் தலைப்பை ஒப்புக்கொள்வது. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பெரிய கருவிகள் தாமதமாவது இந்தத் துறையின் இயல்பு. 2004-இல் ஒப்புதல் பெற்ற அஸ்ட்ரோசாட் விண்ணுக்குப் போனது 2015-இல். சூரியனை ஆராயும் ஆதித்யா திட்டத்தின் எண்ணம் 2008 வாக்கிலேயே பேசப்பட்டது. ஏவப்பட்டது 2023 செப்டம்பர் 2 அன்று. இந்தியாவில் அமையவிருக்கும் லைகோ கருவியான லைகோ இந்தியாவுக்கு மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது 2016 பிப்ரவரியில். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அதைக் கட்டுவதற்குச் சுமார் 2,600 கோடி ரூபாய் அனுமதிக்கப்பட்டது 2023 ஏப்ரலில். இந்தியாவும் பங்காளியாக உள்ள முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு ஹவாய்த் தீவின் மௌனா கியா மலையில் 2014-இல் பூமி பூசை நடந்தது. அந்த மலையைப் புனிதமாகக் கருதும் மக்களின் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் கட்டுமானம் நின்றுபோனது. ஜப்பானின் ஹிட்டோமி என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள் 2016 பிப்ரவரியில் வெற்றிகரமாகவே ஏவப்பட்டு, அடுத்த மாதமே கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. அதன் இடத்தை நிரப்ப வந்த எக்ஸ்ரிசம் ஏவப்பட்டது 2023 செப்டம்பரில். ஹிட்டோமியின் தரவை மட்டுமே நம்பி 2015-இல் பதிவு செய்த ஒரு மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நேர்காணலிலோ அதற்குப் பிந்தைய பேச்சிலோ, 'நான் சேர்ந்த முதலாண்டில் எந்தத் தரவை வைத்து வேலை தொடங்குவேன்?' என்று நேரடியாகவே கேளுங்கள். 'இந்தத் தரவு ஏற்கெனவே எங்கள் கணினியில் இருக்கிறது' என்ற விடை மிக நல்லது. 'பொதுச் சேமிப்பில் இருக்கிறது, நாளைக்கே இறக்கலாம்' என்பதும் அதே அளவு நல்லதுதான். 'அடுத்த ஆண்டு கருவி வந்துவிடும்' என்று மட்டும் சொன்னால், அது வராமல்போனால் மாற்றுத் தலைப்பு என்ன என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பொறுப்பான வழிகாட்டி இந்தக் கேள்வியால் மனம் கோணமாட்டார். அவரிடம் விடை தயாராகவே இருக்கும்.

புதிய கருவிகளின் பக்கமே போகக் கூடாது என்று இதைப் பொருள் கொள்ள வேண்டாம். ஒரு கருவியின் முதல் தரவு வரும்போது அதன் அருகிலிருக்கும் மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களுக்குக் கிடைக்காது. ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்கள் கையிலிருக்கும் தரவிலும் ஒன்று வரப்போகும் கருவியிலும் இருந்தால், கருவி தாமதமானாலும் பட்டம் தாமதமாகாது. கருவியை வடிவமைப்பதே உங்கள் ஆய்வு என்றால் அது வேறு கதை. அங்கே ஆய்வுக்கூடத்தில் நீங்கள் அளந்து எழுதுவதே ஆய்வேடாகும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் அறிந்துகொள்ள வேண்டும்: நல்ல தரவு கிடைக்க வெளிநாடு போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலை இன்று இல்லை. 2017-இல் புனே வானியலாளர்கள் சுமார் 400 கோடி ஒளியாண்டு தொலைவில் 'சரஸ்வதி' என்ற மாபெரும் விண்மீன் திரள் தொகுப்பைக் கண்டறிந்தார்கள். அதற்கு அடிப்படையாக இருந்தது அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள தொலைநோக்கி ஒன்று திரட்டிப் பொதுவில் வைத்த ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் தரவு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பெரும்பாலான தரவுகளும் ஓராண்டுக்குள் பொதுவுக்கு வந்துவிடுகின்றன. மறுபுறம், சில இடங்களில் நாட்டெல்லை உண்மையிலேயே குறுக்கே நிற்கிறது. சிலியில் 2025-இல் தன் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகத்தின் முழுத் தரவுகள் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். சிலி நாட்டு மண்ணிலுள்ள பன்னாட்டுத் தொலைநோக்கிகளின் நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அந்நாட்டு நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கென ஒதுக்கப்படுவதால், அங்கே ஆய்வு செய்யும் மாணவருக்குப் பெரிய தொலைநோக்கியின் இரவுகள் எளிதாக வாய்க்கின்றன. நம்மவர்கள் அதிகம் எண்ணிப் பார்க்காத நாடு அது என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது வழிகாட்டி. பெரிய பெயர் உள்ளவரா என்று பார்ப்பதைவிட, அவரிடம் இதற்கு முன் படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்பது மேல். இதற்கு யாரையும் கேட்கவேண்டிய தேவைகூட இல்லை. நாசாவின் ஏ.டி.எஸ். என்ற இலவச ஆய்வுக்கட்டுரைத் தேடுதளத்தில் அந்தப் பேராசிரியரின் பெயரை இட்டு, கடந்த பத்தாண்டுக் கட்டுரைகளை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் ஆசிரியர் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மாணவரின் பெயர் முதல் இடத்தில் வரும் கட்டுரை முதன்முதலாக எந்த ஆண்டில் வந்தது, அதே பெயர் எத்தனை கட்டுரைகளில் முதலில் வந்தது, பட்டம் முடிந்த பிறகு அந்தப் பெயர் வேறு எந்த நிறுவனத்தின் முகவரியோடு தொடர்ந்து வருகிறது என்று பார்த்தால், அந்த வழிகாட்டி மாணவரை வளர்ப்பவரா, மாணவரின் உழைப்பைத் தன் பெயருக்குப் பின்னால் நிறுத்துபவரா என்பது ஒரு மாலைப்பொழுதில் விளங்கிவிடும். மாணவர்களின் பெயர்கள் வந்து, பட்டமும் இல்லாமல், வேறெங்கும் தொடராமல் அடுத்தடுத்து மறைந்துபோனால், அங்கே சேர்வதற்கு முன் நன்றாக விசாரியுங்கள்.

பிறகு அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மூத்த மாணவர்களிடம் பேசுங்கள். நேர்காணலுக்குப் போகும் நாளில் மதிய உணவை விடுதி மெஸ்ஸிலேயே சாப்பிட்டால் அந்த வாய்ப்பு தானாகவே அமையும். 'உங்கள் கைடு நல்லவரா?' என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். 'கடைசியாக அவரோடு உட்கார்ந்து உங்கள் வேலையைப் பற்றிப் பேசியது எப்போது?' என்று கேளுங்கள். 'நீங்கள் எழுதிக் கொடுத்த கட்டுரை வரைவைத் திருத்தித் தர எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டார்?' என்று கேளுங்கள். தேதியும் நாளும் சொல்லவேண்டிய கேள்விக்கு மழுப்பலான விடை வந்தால் அதுவே விடை. வழிகாட்டி எப்போது பணி ஓய்வு பெறுகிறார் என்பதையும் கூச்சப்படாமல் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு அரசு நிறுவனங்களில் ஆய்வின் நடுவில் வழிகாட்டி ஓய்வுபெற்று, இணை வழிகாட்டியைத் தேடி அலைந்த மாணவர்களை நான் அறிவேன்.

இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள ஒரு முக்கியமான வேறுபாடு இங்கேதான் வருகிறது. புனேயில் அயூக்காவும் ரேடியோ மையமும் சேர்ந்து நடத்தும் பட்டப் பள்ளியிலும், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து 1982 முதல் நடத்திவரும் கூட்டு வானியல் திட்டத்திலும் முதலில் வகுப்புகள். வழிகாட்டி முடிவாவது அதற்குப் பிறகுதான். ஆகவே இங்கே ஒரே ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு சேர்வது ஆபத்து: அந்த ஆண்டில் அவர் மாணவர் எடுக்காமல் போகலாம், அல்லது உங்களைவிட முன்னால் இன்னொருவர் அவரைக் கேட்டிருக்கலாம். உங்கள் பிரிவில் குறைந்தது மூன்று பேராவது மாணவர் எடுக்கக்கூடியவர்களாக இருக்கும் நிறுவனமா என்று பார்க்க வேண்டும். அரசுக் கல்லூரியிலிருந்து போகும் நம் மாணவர்களுக்கு இந்த முதலாண்டு வகுப்புகள் பெரிய வரம் என்றே கருதுகிறேன். நம் பாடத்திட்டத்தில் வானியற்பியல் ஒரு விருப்பப் பாடமாக வந்தால் அதிகம். கதிர்வீச்சுப் பரவலையும் பாய்ம இயக்கவியலையும் விண்மீன் கட்டமைப்பையும் அந்த ஓராண்டில்தான் முறையாகக் கற்கிறோம்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. முதுகலைப் பட்டமும் அதில் ஓர் ஆய்வுத் திட்டமும் முடித்துவிட்டு வருகிறவர் என்று எதிர்பார்த்து, குறிப்பிட்ட ஒரு வழிகாட்டியிடம், பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு தலைப்பில், மூன்று அல்லது நான்கு ஆண்டுக்கு வேலை ஒப்பந்தம்போலச் சேர்த்துக்கொள்கிறார்கள். மாதச் சம்பளம் உண்டு. ஹைடெல்பெர்க், கார்ஷிங், பான் ஆகிய ஊர்களில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் பன்னாட்டு ஆய்வுப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். நெதர்லாந்தில் நான்கு ஆண்டு, ஊழியர் என்ற நிலையிலேயே. அமெரிக்காவில் ஐந்து அல்லது ஆறு ஆண்டு, முதல் இரண்டு ஆண்டு வகுப்புகளோடு. அங்கே கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருவார்கள். ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே கட்ட வேண்டிய விண்ணப்பக் கட்டணம் நம் வீடுகளுக்குப் பெருந்தொகை. காரணத்தைச் சொல்லி எழுதிக் கேட்டால் பல துறைகள் அதைத் தள்ளுபடி செய்கின்றன. கேட்கத் தயங்க வேண்டாம்.

இப்போது வெளிநாட்டுக்குப் போகாவிட்டால் கதவு மூடிவிடும் என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. இந்தியாவில் பட்டம் முடித்தவர்கள் அடுத்து ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஓரிரு முறை போஸ்ட்டாக் எனப்படும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு செய்துவிட்டுத் திரும்புவதுதான் இந்தத் துறையில் வழக்கமான பாதை. இங்கே நிரந்தரப் பணிக்குப் போட்டியிடும்போது பார்க்கப்படுவது கட்டுரைகளும், தனித்து ஆய்வு நடத்தும் திறனும், பரிந்துரைக் கடிதங்களும்தான்.

பணத்தைப் பற்றி வீட்டில் தெளிவாகப் பேசிவிடுங்கள், ஏனென்றால் பெரும்பாலான தயக்கம் அங்கேதான் தொடங்குகிறது. இந்த நிறுவனங்களில் முனைவர் பட்டத்துக்கு நீங்கள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டப்போவதில்லை. அவர்கள்தான் உங்களுக்குத் தருகிறார்கள். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு முதுநிலைக்கு 42,000 ரூபாய். விடுதியில் இடம் இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. நிலத்தை விற்றோ அடகு வைத்தோ படிக்க வைக்கும் படிப்பு இதுவல்ல என்பதை அப்பாவிடம் எண்களோடு சொல்லுங்கள். ஆனால் உதவித்தொகை பொதுவாக ஐந்து ஆண்டுக்குத்தான் என்பதால், அந்தக் குழுவில் கடைசியாக முடித்த மூன்று பேர் எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள், ஆறாம் ஆண்டு தேவைப்பட்டவருக்கு யார் பணம் தந்தார்கள் என்று சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

திருமணத்தைப் பற்றியும் வீட்டில் பேச்சு வரும், வந்திருக்கும். பெண் ஆய்வு மாணவர்களுக்கு ஆய்வுக் காலம் முழுமைக்குமாக 240 நாள் வரை மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அனுமதிக்கின்றன. விதி இருப்பது ஒன்று, குழுவில் அது எப்படி நடைமுறையாகிறது என்பது இன்னொன்று. ஆகவே அங்கே படிக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். இரவு ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போகிறார்கள், தொலைநோக்கி இருக்கும் இடத்துக்குப் பயணம் போனால் தங்குமிடம் எப்படி என்பதையும் அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

தூரத்தைப் பற்றி உங்கள் வீட்டார் சொல்வதை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. ஆய்வின் மூன்றாம் ஆண்டில் எதுவும் நகராமல் மனம் சோரும் காலம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருகிறது. அப்போது வெள்ளிக்கிழமை மாலை பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிருஷ்ணகிரியில் அம்மா கையால் சாப்பிடலாம் என்பது சாதாரண உதவி இல்லை. பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனம், இராமன் நிறுவனம், இந்திய அறிவியல் கழகம், ஐ.சி.டி.எஸ். என்று நான்கு இடங்கள் ஒரே ஊருக்குள் இருப்பதும், ஒன்றில் நடக்கும் கருத்தரங்குக்கு இன்னொன்றின் மாணவர்கள் போய் வர முடிவதும் வேறு எந்த இந்திய ஊருக்கும் எளிதில் வாய்க்காத வசதி. ஆனால் பெங்களூரில் சேர்ந்தால் ஐந்து ஆண்டும் பெங்களூரிலேயே இருப்பீர்கள் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்திலுள்ள ஹான்லே தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள் என்றாலும், கூட்டாய்வுக்காக மாதக்கணக்கில் வெளியூரும் வெளிநாடும் போக நேரும்.

இரவில் தொலைநோக்கியில் விண்ணை நோக்கித் தரவு திரட்டும் நோக்கு வானியலின் பக்கம் மனம் சாய்கிறது என்றால், முடிவெடுக்கும் முன் காவலூருக்கு ஒருமுறை போய் வாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் அரை நாளுக்குள் போய்ச் சேரலாம். 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிதான் 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த நோக்குகளில் பங்கேற்றது. இந்த வேலையின் உண்மையான முகம் எப்படி இருக்கும் என்பதை அங்கே பார்க்கலாம். தொலைநோக்கி நேரம் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் பெறப்படுகிறது. நிலவில்லாத அமாவாசையை ஒட்டிய இரவுகள் மங்கலான விண்மீன் திரள்களை நோக்குபவர்களுக்கும், நிலவொளி இரவுகள் பிரகாசமான விண்மீன்களை நோக்குபவர்களுக்கும் போகும். உங்களுக்கு ஒதுக்கிய மூன்று இரவும் மேகம் மூடினால், கட்டுப்பாட்டு அறையில் தேநீரைக் குடித்தபடி விடியும்வரை ஈரப்பத அளவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்க வேண்டியதுதான். அடுத்த வாய்ப்பு அடுத்த பருவத்தில். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இப்படி வீணாகும் இரவுகள் அதிகம். நோக்குத் தரவை நம்பிய ஆய்வேட்டைத் தரும் வழிகாட்டியிடம், மழையால் போன இரவுகளுக்கு மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தமிழ் வழியில் படித்தது எந்த நேர்காணலிலும் குறையாகக் கருதப்பட்டு நான் பார்த்ததில்லை. கரும்பலகையின் முன் நிறுத்தி, சூரியனின் நிறையையும் ஆரத்தையும் கொடுத்து, மையத்தின் அழுத்தம் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடச் சொல்வார்கள். ஈர்ப்பு விசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள சமநிலையை எழுதி, எண்ணைப் பத்தின் அடுக்கில் சரியாகக் கொண்டுவந்துவிட்டால் வாக்கியம் தடுமாறினாலும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கட்டுரை எழுதும் ஆங்கிலம் முதல் இரண்டு ஆண்டில் படிக்கப் படிக்க வந்துவிடும்.

இனி உங்கள் நிலையில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். பெங்களூர், புனே இரண்டு நேர்காணலுக்கும் போங்கள். வீட்டில் புனேக்குச் சம்மதம் கேட்பதை இடம் கிடைத்த பிறகு வைத்துக்கொள்ளலாம், நேர்காணலுக்கு மட்டும் அண்ணனோ மாமாவோ கூட வரட்டும். ஈர்ப்பலை அல்லது ரேடியோ என்று முடிவானால் புனேயை வீட்டில் உறுதியாகக் கேளுங்கள், ஏனென்றால் அந்த இரண்டு பிரிவிலும் அங்கே உள்ள ஆள்பலமும் கருவியின் நெருக்கமும் ஐந்து ஆண்டுக்கு அந்த ரயில் பயணத்தை ஏற்றுக்கொள்ளத் தக்கவை. எக்ஸ் கதிர் என்றாலோ கோட்பாடு என்றாலோ பெங்களூரில் உங்களுக்கேற்ற மூன்று பெயர்கள் கிடைக்கின்றனவா என்று ஏ.டி.எஸ். தளத்தில் தேடுங்கள், கிடைத்தால் வீட்டாரின் விருப்பமும் உங்கள் விருப்பமும் ஒன்றாகிவிடும். ஜெர்மனி விண்ணப்பத்தை இந்த ஆண்டு அவசரமாக அனுப்ப வேண்டாம். உங்கள் எம்.எஸ்சி. திட்டம் இன்னும் முடியவில்லை; அங்கே உங்களுக்காக விரிவாகப் பரிந்துரை எழுதக்கூடியவர் அந்தத் திட்டத்தின் வழிகாட்டி ஒருவர்தான். இரண்டு இந்திய நிறுவனங்களிலும் இடம் கிடைக்காமல்போனால், ஓராண்டுக்கு ஏதேனும் ஒரு நிறுவனத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து, ஒரு தரவுத் தொகுப்பையாவது தொடக்கம் முதல் முடிவுவரை அலசிவிட்டு, அடுத்த செப்டம்பரில் விண்ணப்பியுங்கள். நேர்காணல் தேதிகள் முடிவானதும், நீங்கள் குறித்து வைத்த வழிகாட்டிகளின் பெயர்களோடு எனக்கு எழுதுங்கள். அவர்களின் அண்மைக் கட்டுரைகளில் எதை முதலில் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்கிறேன்.